உம்மு சல்மா யார் கணக்கில்?

நாகல் நகரில் என் டீக்கடைக்கு மேல்மாடி ரொம்ப நாளாகப் புகையிலைக் கிட்டங்கியாக இருந்தது. அதைக் காலி பண்ணி, சுண்ணாம்புகூட அடிக்காமல், ஒரு நல்ல நாளில் சர்க்கார் அங்கே ஆபீஸ் திறந்தது. பெயர், சார்ந்தோர் சரிபார்ப்பு அலுவலகம். வருமான வரி கட்டுகிறவர்கள், தங்களை நம்பி இன்னின்ன பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தால் வரியில் சலுகை உண்டாம். அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே இருக்கிறார்களா, இருந்தால் யாரை நம்பி இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது இந்த ஆபீசின் வேலை. அண்டை வீட்டைக் கேட்டால் அரை நிமிஷத்தில் தெரிகிற விஷயம். அதற்கு ஓர் ஆபீசர், ஓர் இன்ஸ்பெக்டர், ஒரு டவாலி, ஒரு ஜீப்.

நான் குறை சொல்லவில்லை. எனக்கு அவர்களால் நல்ல வியாபாரம். டீ வாங்கிக் குடித்தார்கள், காசும் கொடுத்தார்கள். சர்க்கார் ஆபீசில் இரண்டும் சேர்ந்து நடப்பது அபூர்வம்.

மாடியில் புகையிலை நெடி மட்டும் போகவேயில்லை. ஏறுகிறவர்கள் எல்லாரும் நாலு தும்மல் போட்டுவிட்டு, கண்ணில் நீர் கட்டித்தான் ஆபீசர் முன்னால் நிற்பார்கள். ஆபீசர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். பிற்பாடு நிஜமாகவே அழுதவர்களையும் அவர் நெடிக் கணக்கில்தான் சேர்த்தார்.

சர்புன்னிசா முதல்முறை வந்தபோது என் கடையில்தான் வழி கேட்டாள். பேகம்பூர்ச் சந்தில் இடியாப்பம் அவித்து விற்கிறவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயசுப் பெண் பிள்ளை, முன்பல் ரெண்டும் விழுந்தது, உம்மு சல்மா. இவர்கள் கதை ஊருக்கே தெரியும். புருஷன் முகமது பாரூக், தோல் வியாபாரி. தலாக் சொல்லி மூன்று வருஷமாகிறது. பிள்ளை தாயிடம் இருக்கட்டும், சோறு துணிக்கு மாதாமாதம் தகப்பன் கொடுக்கட்டும் என்று ஜமாஅத்தில் பேசி முடித்தார்கள். பாரூக் கொஞ்ச நாள் கொடுத்தார். மறு கல்யாணம் ஆனதும் நிறுத்திவிட்டார். இவள் கோர்ட்டுக்குப் போனாள். கோர்ட்டில், பிள்ளை உன்னிடம்தான் இருக்கிறது என்று மேற்படி ஆபீசில் சான்று வாங்கி வா என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் டீத் தட்டோடு பின்னாலேயே ஏறினேன். ஆபீசர் ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தார். பார்த்தார். மூடினார்.

"இந்தக் குழந்தை முகமது பாரூக் கணக்கில் இருக்கிறது. மூன்று வருடமாக அவர் வீட்டில்தான் உண்டு உறங்கி வருகிறது."

"எம் பிள்ளை எங்கிட்டதான் சார் இருக்கு. இந்தா நிக்கிதுல்ல!"

"நிற்பது வேறு, இருப்பது வேறு, அம்மா. நீங்கள் வரி கட்டுகிறீர்களா?"

"இடியாப்பத்துக்கு ஏது சார் வரி?"

ஆபீசர் வருத்தத்தோடு தலையாட்டினார். "பாருங்கள், ஒருவரை இன்னொருவர் ஆதரிக்கிறார் என்றால் அந்த இன்னொருவருக்கு முதலில் கணக்கு இருக்க வேண்டும். வரி கட்டாதவரை நம்பி ஒரு குழந்தை வாழ்கிறது என்று நான் எழுதினால், மேலிடத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். உங்களையே நீங்கள் ஆதரித்துக்கொள்கிறீர்களா என்பதே விசாரணைக்கு உரியது."

சர்புன்னிசாவுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் பிள்ளையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவ வந்து எங்க வீட்டப் பாருங்க சார். பாயி, பாவாட, சட்ட எல்லாம் அங்கனதான் கெடக்கு," என்றாள்.

இதைத்தான் சொல்லியிருக்கக் கூடாது. இந்த நாட்டில் சர்க்காரை வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டவர்கள் யாரும் நல்லா இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அது நோன்பு மாசம். அந்த மாசம் முழுக்க சர்புன்னிசாவுக்கு இடியாப்ப வியாபாரம் கிடையாது. பகலில் யார் வாங்குவார்கள்? இன்ஸ்பெக்டர் இருதயநாதன் சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தார். அடுப்பு ஆறிக் கிடந்தது. அதில் சாம்பல் நிறப் பூனை ஒன்று சுருண்டு தூங்கியது. வீட்டில் ஒரு வாய் சோறு இல்லை.

"பிள்ள எங்கம்மா?"

"பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கப் போயிருக்கு சார்."

இருதயநாதன் அங்கேயும் போனார். நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற செலவை அங்கே நாளுக்கு ஒருவர் ஏற்றுக்கொள்வார்கள். அண்டாவைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் எல்லாம் தூக்குவாளியோடு வரிசையில் நின்றார்கள், நடுவில் உம்மு சல்மாவும் நின்றாள். இன்றைக்கு யார் செலவு என்று கேட்டார். நேரம் பாருங்கள், அன்றைக்கு முகமது பாரூக் செலவு.

மறுநாள் மாடியில் அறிக்கை படிக்கும்போது நான் காலி டீ கிளாஸ் எடுக்கப் போயிருந்தேன். தாய் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அடுப்பில் பூனை உறங்குகிறது. குழந்தை மாலையில் பாத்திரத்துடன் சென்று தகப்பனார் செலவில் உணவு பெறுகிறது. இவ்வளவும் உண்மை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

படியிறங்கும்போது சர்புன்னிசா இன்ஸ்பெக்டரை மறித்தாள். "நோன்பு மாசத்துல எவ வீட்டுல சார் பகல்ல அடுப்பெரியும்? நீங்க இந்த ஊர்க்காரருதான?"

"எனக்குத் தெரியும்மா. பொறந்தது வளந்ததெல்லாம் இங்கனதான்," என்றார் இருதயநாதன் அடங்கிய குரலில். "எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? ஆபீசுக்குத் தெரியாதுல்ல. நோன்புன்னு எழுத அந்தத் தாள்ல எடமில்ல."

அறிக்கையைக் கேள்விப்பட்டு பாரூக் ஆபீசுக்குச் சந்தோஷமாகத்தான் வந்தார். வந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கஞ்சி குடிச்ச பிள்ளையெல்லாம் எங் கணக்குன்னா, அம்புட்டுப் பிள்ளைக்கும் சலுகை உண்டுங்களா சார்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

ஆபீசர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நியாயமான கேள்வி. அந்த வரிசையில் நின்ற குழந்தைகள் அனைவரும் யாரைச் சார்ந்தவர்கள் என்பது இதுவரை யாராலும் விசாரிக்கப்படவேயில்லை. எத்தனை வருடமாக இந்த ஊரில் குழந்தைகள் இப்படி இஷ்டத்துக்கு யாரோ ஒருவர் செலவில் சாப்பிட்டு வருகிறார்கள்! இருதயநாதன், நாளை வரிசையைப் பதிவு செய்யுங்கள்."

மறுநாள் மாலை ஜீப் பள்ளிவாசல் முன்னால் போய் நின்றது. ஆபீசரே இறங்கினார். அதற்கு முன்பெல்லாம் அந்த ஜீப்பைக் கண்டால் பிள்ளைகள் புழுதியில் கூச்சல் போட்டுப் பின்னாலேயே ஓடுவார்கள். அன்றைக்குச் சந்தில் ஒரு பிள்ளை இல்லை. பேர் எழுதினால் பிள்ளை பாரூக் வீட்டுக்குப் போய்விடும் என்று ஒரு பேச்சு. இல்லை, சர்க்கார் கொண்டுபோய்விடும் என்று இன்னொரு பேச்சு. சர்புன்னிசாவின் பக்கத்து வீட்டுக்காரி சைனம்பு தன் மூன்று பிள்ளைகளையும் நெல் குதிருக்குப் பின்னால் உட்காரவைத்து, மூச்சு விடக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தாள். அண்டாவில் கஞ்சி நிறைய இருந்தது. தொழுகைக்குக் கூப்பிடுகிற மோதினார் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபீசர் காத்திருந்தார். யாருமே வரவில்லை. கடைசியில் கஞ்சியை ஆடுகளுக்கு ஊற்றினார்கள்.

ஆடுகள் யாருடையவை என்று ஆபீசர் விசாரித்ததாக டவாலி சொன்னான். எனக்கு அது சிரிப்பாக வரவில்லை. அதற்குள் எனக்கும் அந்த ஜீப் சத்தம் கேட்டால் என் மகன் எங்கே என்று தேடத் தோன்றியது.

வரிசையே இல்லாமல் போனதால் விசாரணை சுற்றிச் சுற்றி மறுபடி உம்மு சல்மாவிடம் வந்து நின்றது. ஆபீசர் உத்தரவு போட்டார். குழந்தையை ஆபீசுக்கு அழைத்து வர வேண்டும். தாயும் தகப்பனும் ஆளுக்கு ஒரு தட்டு உணவு கொண்டு வர வேண்டும். குழந்தை எந்தத் தட்டில் கை வைக்கிறதோ, அவரையே சார்ந்தது என்று முடிவாகும். நேரம், பகல் பன்னிரண்டு மணி.

"பகல்ல வேணாம் சார், பொழுது சாஞ்சதும் வச்சுக்கலாமே," என்று இருதயநாதன் சொல்லிப் பார்த்தார்.

"பொழுது சாய்ந்தால் ஆபீஸ் இல்லை, இருதயநாதன்."

அந்த நாளும் வந்தது. தட்டும் தண்ணீரும் என் கடையிலிருந்துதான் போயின. பாரூக் பெரிய சட்டியில் பிரியாணி கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்ததும் புகையிலை நெடியே ஒதுங்கிப்போனது. சர்புன்னிசா இடியாப்பத்தில் தேங்காய்ப் பால் ஊற்றி, சீனி தூவிக் கொண்டுவந்திருந்தாள். உம்மு சல்மா தலையில் வெள்ளைத் துணி போட்டு நடுவில் நின்றாள். உதடு காய்ந்திருந்தது.

பிள்ளை இரண்டு தட்டையும் பார்த்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"சாப்பிடு குழந்தை," என்றார் ஆபீசர்.

"நான் நோம்பு."

சர்புன்னிசா பதறிப்போய்க் குனிந்தாள். "ஏய், என்னத்தா சொல்ற? காலைல கஞ்சி குடின்னேன், குடிச்சேன்னியே?"

"பூனைக்கு ஊத்திட்டேன். சைனம்பு மாமி மகளெல்லாம் வச்சுருச்சு. நான் மட்டுந்தான் வைக்கல."

முதல் நோன்பு. அவர்கள் வீடுகளில் பிள்ளையின் முதல் நோன்பு என்றால் சின்ன விசேஷம் மாதிரி. புதுத் துணி உடுத்தி, சாயங்காலம் நோன்பு திறக்கும்போது கழுத்தில் பூ போட்டு நடுவில் உட்கார்த்துவார்கள். பாரூக்குக்கே முகம் மாறிவிட்டது. "அடி எந் தங்கம்," என்று எழுந்துவிட்டார். மூன்று வருஷத்தில் அந்த மனுஷனும் அந்த அம்மாளும் ஒரே விஷயத்துக்குச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நொடிதான் இருக்கும். நான் பார்த்தேன்.

ஆபீசரும் பார்த்தார். கடியாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி வரை காத்திருந்தார், நியாயமாக நடந்துகொள்ள வேண்டுமே! பிரியாணியில் நெய் உறைந்தது. இடியாப்பத்தில் ஈ மொய்த்தது. பிள்ளை நின்றது. பிறகு அவர் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார்.

"இந்தத் துறையில் எனக்கு எத்தனையோ வருட அனுபவம். பொய்ப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரவல் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தாய் உணவும் தகப்பன் உணவும் எதிரில் இருக்க, இரண்டையும் வேண்டாம் என்று சொன்ன குழந்தையை இன்றுதான் பார்க்கிறேன். உண்மை தெளிவாகிவிட்டது. இக்குழந்தை யாரையும் சார்ந்தது அல்ல. யாரையும் சாராத குழந்தைக்கு நம் சட்டத்தில் என்ன பெயர்? ஆதரவற்ற குழந்தை. ஆதரவற்ற குழந்தையை அரசாங்கம் ஒரு நிமிடம்கூடத் தெருவில் விடாது. அதற்காகத்தான் இருக்கிறோம். மதுரைப் பக்கம் ஓர் இல்லம் இருக்கிறது. மாலையில் ஜீப் வரும்."

சர்புன்னிசாவுக்குத்தான் முதலில் உறைத்தது.

"சார், எனக்கு மாசப் பணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த மனுவக் கிழிச்சுப் போட்டுருங்க. எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

"மனுவைத் திரும்பப் பெறலாம், தடையில்லை. குழந்தையைத் திரும்பப் பெற வேண்டுமானால், முதலில் அது உங்களுடையது என்று முடிவாகியிருக்க வேண்டும்."

"நானும் எழுதுனத வாபஸ் வாங்கிக்கிறேன் சார்," என்றார் பாரூக். "சலுகையும் வேணாம், மண்ணும் வேணாம். பிள்ளைய அவகிட்டயே விட்டுருங்க."

ஆபீசர் பேனாவை எடுத்தார். "நல்லது. பெற்றோர் இருவருமே உரிமையைக் கைவிட்டதாகப் பதிவு செய்துகொள்கிறேன். இது வேலையை இன்னும் சுலபமாக்குகிறது."

சர்புன்னிசா பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு படிப்பக்கம் ஓடினாள். டவாலி கதவை அடைத்துக்கொண்டு நின்றான். பிள்ளையைப் பிரித்து எடுத்தார்கள். அவள் போட்ட சத்தம் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. ஆபீசர், இந்த நெடிக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். சம்பந்தம் இல்லாதவர்கள் மாடியில் இருக்கக் கூடாது என்று இரண்டு பேரையும் கீழே இறக்கிவிட்டார்கள். பாரூக் யாரோ பெரிய மனுஷரைப் பிடித்து வருகிறேன் என்று சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிப் போனார். அன்றைக்கு அவர் கண்ணில் ஒரு பெரிய மனுஷரும் தட்டுப்படவில்லை போலிருக்கிறது.

சர்புன்னிசா என் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவளும் நோன்புதான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. சைனம்பு பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வாங்கி வந்து அவள் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் மல்லிகைப்பூவும் வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

ஜீப் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. பொழுது சாய்ந்தது. பொழுது சாய்ந்தால் கிடையாத ஆபீஸ், அன்றைக்கு மட்டும் விளக்கேற்றி நடந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன்.

"சார், பிள்ள நோம்பு தொறக்கணும். ஒரு மடக்குக் கஞ்சி குடுத்துக்கிறேன் சார்."

"அது இன்று யார் செலவில் காய்ச்சிய கஞ்சி?"

"தெரியாதே சார்."

"தெரியாத கஞ்சியைக் கொடுத்து, முடிந்துபோன விசாரணையைக் கெடுக்கப் பார்க்கிறீரா? கீழே கொண்டு போம்." பிறகு அவருக்கே மனசு இளகியது. "நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான் ஐயா. உம் கடையிலிருந்து இரண்டு பிஸ்கட் கொண்டு வாரும்."

பெரிய பிஸ்கட்டாகப் பார்த்து இரண்டு எடுத்து வந்தேன். காசை நீட்டினார். "காசெல்லாம் வேணாம் சார், பிள்ளைக்குத்தான," என்றேன்.

"ஜாக்கிரதை. இலவசமாகக் கொடுத்தால் குழந்தை உம்மைச் சார்ந்ததாகிவிடும்."

"ஆகட்டும் சார்! எம் பேர்லயே எழுதிக்கங்க. பொன்னழகுன்னு எழுதுங்க. நானே கூட்டிட்டுப் போயி அது ஆத்தாகிட்ட விட்டுர்றேன்."

"டீக்கடைக்கு வரி கட்டுகிறீரா?"

கிழிந்த பனியனும் நானுமாக நின்றேன்.

"பிறகென்ன," என்று காசை என் கையில் வைத்து அழுத்தினார். இருதயநாதனைப் பார்த்தார். "எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு உணவு வழங்கப்பட்டது. செலவு, சர்க்கார். குழந்தை உண்டது. ஆகவே இன்று முதல் இது சர்க்காரைச் சார்ந்தது." இருதயநாதன் எழுதினார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

உம்மு சல்மா இரண்டு கையையும் ஏந்தி, உதட்டுக்குள் என்னவோ ஓதினாள். ஒரு பிஸ்கட்டை மெள்ள மெள்ளத் தின்றாள். முன்பல் இல்லாததால் பக்கவாட்டில் வைத்துக் கடித்தாள். இன்னொன்றைத் தலைத்துணியின் முனையில் வைத்து முடிச்சுப் போட்டாள்.

"ஏன் அதைச் சாப்பிடவில்லை?" என்றார் ஆபீசர்.

"அம்மாவுக்கு. நான் இல்லாம அது நோம்பு தொறக்காது."

மூடிவைத்த காகிதக் கட்டை ஆபீசர் மறுபடி இழுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாமே தம் கையால், வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். "இக்குழந்தையை நம்பி வயது வந்த பெண் ஒருவர் இருப்பது விசாரணையில் தெரியவருகிறது. உண்மையை இதுகாறும் மறைத்தது ஏன் என்று அப்பெண் விளக்கம் தர வேண்டும்." முடிச்சை அவிழ்த்து, பிஸ்கட்டை எடுத்து, அத்தாட்சி என்று ஒரு காகிதத்தில் மடித்துக் கட்டினார். விளக்கம் கேட்கும் தாளைக் கீழே கொடுத்துவிடச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

கிட்டங்கிக்குப் பின்பக்கம் மூட்டை இறக்குகிற படி ஒன்று உண்டு. டவாலி பிள்ளையை அந்தப் பக்கம் கூட்டிப்போனான். நான் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முன்பக்கப் படியில் இறங்கினேன். சர்புன்னிசா சடாரென்று எழுந்தாள்.

"அண்ணே, பிள்ள நோம்பு தொறந்துச்சா?"

"தொறந்துருச்சு ஆத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "கண்டதையும் தின்னு வயித்த நெறச்சுக்காம வரச் சொல்லுங்கண்ணே. கஞ்சி அப்புடியே இருக்கு."

பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்தபடி நின்றாள். பின்பக்கம் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது.